மிஞ்சியது மூணு மூட்டை!

போன் அலறியது!

காலை ஏழரை மணிக்கு வருகிற போன் ரெண்டே ரகம். ஒருத்தன், விடிய விடிய யோசித்துவிட்டு ரேட்டைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவான். இன்னொருத்தன், ரேட்டே கேட்காமல் 'உடனே வாங்க' என்பான்.

முதல் ஆளிடம் லாபம் குறையும்.

ரெண்டாவது ஆளிடம்... ஏதோ இருக்கும்!

இடிபாடு அள்ளுகிற லோடு அண்ணன் போனை எடுத்தார்.

"மச்சான்! நான்தான் பேசறேன். வீட்டுல ஒரு சுவரை எடுத்தேன். ரப்பிஷ் குவிஞ்சு கிடக்கு. இன்னிக்கே வந்து அள்ளிட்டுப் போயிடுங்க."

"சுவரையா? யாரு இடிச்சது?"

"நானேதான்!"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

பேசியது தங்கை புருஷன். ஊருக்கு 'வீடியோ மாப்பிள்ளை'. செல்போனில் வீடியோ பார்த்தே குழாய் மாட்டுவார், ஒயர் இழுப்பார், ஓடு ஒட்டுவார். அவர் கைபட்ட பொருள் எதுவும் இன்னொரு தடவை ரிப்பேர் ஆனதில்லை.

ஆவதற்கு அது முதலில் ஓட வேண்டுமே!

"சரி மாப்ளே, தங்கச்சிகிட்ட போனைக் குடுங்க."

மறுமுனையில் மூன்று விநாடி மௌனம்.

மூச்சு விடாமல் பேசுகிற மாப்பிள்ளைக்கு மூன்று விநாடி என்பது மூன்று வருஷம்!

"அவ... ஊர்ல இல்ல மச்சான்."

"எங்க போயிருக்கா?"

"வெளியூரு. ஏதோ தையல் கிளாஸு. போனெல்லாம் எடுக்க மாட்டா. நீங்க வாங்க, நேர்ல பேசிக்கலாம். அப்புறம் மச்சான்... எவ்வளவு ஆனாலும் தர்றேன்!"

கட்.

அண்ணனின் டீ டம்ளர் உதட்டுக்கு நாலு விரல் முன்னால் நின்றது.

எவ்வளவு ஆனாலும் தர்றேனா? போன தடவை 'நமக்குள்ள என்ன மச்சான்' என்று சிரித்தே ரெண்டு லோடை ஓசியில் அடித்த மாப்பிள்ளையா?

உள்ளங்காலில் ஏதோ ஊர்ந்தது போலிருந்தது. அண்ணன் தரையைப் பார்த்தார்.

ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை, ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி. ஆனால் தரை மட்டும் மாளிகைத் தரை! போன வருஷம் அண்ணனே தன் கையால் போட்டு, கண்ணாடி மாதிரி இழைத்தது. வாசலில் ஒரு பழைய சிமெண்ட் சாக்கு. அதில் பாதிவரை மண். மண்ணில் ஒரு செடி, கொழுகொழுவென்று.

வெளியே டிப்பர் லாரி. கதவில் முன்பு ரெண்டு பெயர்கள் எழுதியிருந்தன. ஒன்றின் மேல் இப்போது பச்சை பெயிண்ட். அது கூட்டாளியின் பேர். ஆள் மகா குண்டு. போன வருஷம் அவர் யாரிடமும் சொல்லாமல் வெளிநாடு போய்விட்டதாக ஊரில் பேச்சு.

அதுதான் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையில் சிக்கல்.

கூட்டாளியின் மனைவி தங்கையிடம் துணி தைக்கிறவள். ரெண்டு மாசம் முன்னால் தங்கை கேட்டாள்: "அண்ணே, அந்தக்கா அழுதே கரைஞ்சு போறாங்க. உனக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லேன்!" அண்ணன் வள்ளென்று விழுந்தார். அவள் கோபித்துக்கொண்டு போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

அப்பா அம்மா போனபோது அவளுக்கு வயசு ஒன்பது. தலை பின்னிவிட்டது, ஸ்கூலுக்குச் சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுபோனது, கல்யாணம் பண்ணிவைத்தது எல்லாம் அண்ணன்தான். அவருக்கென்று உலகத்தில் இருக்கிற ஒரே உயிர்.

அந்த உயிரின் நம்பரை அழுத்தினார்.

ஸ்விட்ச்டு ஆஃப்!

"டேய் கடப்பாரை! வண்டியை எடு!"

* * *

வீட்டு வாசலில் வரிசையாகச் சாக்கு மூட்டைகள். மாப்பிள்ளை உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு, மாவு மில்லில் புரண்டு எழுந்தவர் மாதிரி நின்றார். நெற்றியில் ஒரு பிளாஸ்திரி.

"வாங்க மச்சான்! எல்லாம் கட்டி ரெடியா வெச்சிருக்கேன். ஏத்த வேண்டியதுதான் பாக்கி!"

"நெத்தியில என்ன?"

"சுவரு பட்டுடுச்சு."

"சுவரு உங்க மேல விழுந்துச்சா, நீங்க சுவத்து மேல விழுந்தீங்களா?"

"ஹி... ஹி... வீடியோவுல மேலேருந்து இடிக்கணும்னு சொன்னான். அதைக் கடைசியிலதான் சொன்னான். நான் பாதி பார்த்துட்டே ஆரம்பிச்சுட்டேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. உள்ளே போனார்.

சமையலறைக்கும் பின் அறைக்கும் நடுவே இருந்த சுவர் காணோம். கூரையிலும் பக்கச் சுவரிலும் அதன் தழும்பு மட்டும். ஏழடி உயரம், ஆறடி அகலம். கல்லை நீளவாக்கில் வைத்துக் கட்டிய மெல்லிய சுவர்.

அண்ணனின் உதடு அசைந்தது.

சுவராக நிற்கும்போது ஒரு பங்கு இடம் அடைக்கிற செங்கல், இடித்துச் சாக்கில் போட்டால் ஒன்றரைப் பங்கு ஆகும். இருபது வருஷத் தொழில். அவர் கண் பார்த்தாலே மூட்டை எண்ணிவிடும்.

"இருபத்தெட்டு" என்றார் தனக்குள்.

வெளியே வந்தார்.

"கடப்பாரை, எத்தனைடா?"

கடப்பாரை என்பது லோடு ஏற்றுகிற ஆளின் பேர். நாற்பது வயசு. இரும்பு உடம்பு, குழந்தை மனசு. கேட்டால் உண்மையைச் சொல்வான். கேட்காவிட்டாலும் சொல்வான்!

"முப்பத்தொண்ணுண்ணே."

அண்ணனின் புருவம் ஏறியது.

"வாயைப் பிரி."

"மச்சான், எதுக்கு மச்சான்? எல்லாம் கல்லும் காரையும்தானே!"

"நான் வாய் பிரிக்காத மூட்டையை ஏத்துனதே இல்ல மாப்ளே. உங்களுக்குத் தெரியாதா? ரப்பிஷ்னு சொல்லிச் செத்த நாயைக் கட்டிக் குடுத்தவன்லாம் இருக்கான்!"

மாப்பிள்ளை மெல்ல வரிசையின் கடைசிப் பக்கம் நகர்ந்தார்.

கடப்பாரை ஒவ்வொன்றாகப் பிரித்தான். செங்கல். காரை. செங்கல். பெயர்ந்த சிமெண்ட். உடைந்த ஓடு...

இருபத்தொன்பதாவது மூட்டை.

மண்!

முப்பது. மண்!

முப்பத்தொன்று. ஈர மண்!

"மாப்ளே... சுவத்துக்குள்ள மண்ணு ஏது?"

"அது... பூந்தொட்டி உடைஞ்சிடுச்சு மச்சான்."

"மூணு மூட்டைக்கா? அண்டாவுலயா பூ வளர்த்தீங்க?"

"இல்ல... பின் ரூம்ல தரை கொஞ்சம் மேடு பள்ளமா இருந்துச்சா... அப்படியே அதையும் ஒரு கை பார்த்துட்டேன்."

அண்ணன் மூன்றாவது மண் மூட்டைக்குள் கையை விட்டார். விரலில் ஏதோ சுற்றியது. இழுத்தார்.

மஞ்சள் நிற இஞ்ச் டேப்! பாதியில் அறுந்திருந்தது.

தங்கையின் கழுத்தில் தாலிக்கு அடுத்தபடி தொங்குவது அதுதான். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள்.

"இது எப்படி மண்ணுக்குள்ள வந்துச்சு?"

"பழசு மச்சான்! தூக்கிப் போட்டது!"

அண்ணன் பதில் பேசாமல் பின் அறைக்கு நடந்தார். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடிவந்தார்.

மூலையில் அவளுடைய தையல் மெஷின் இடத்தில் பெட்ஷீட் போர்த்தியிருந்தது. குப்பைக் கூடையில் ஒரு மூக்குக் கண்ணாடி. ரெண்டு கண்ணும் நொறுங்கி... அவளுடையது! அது இல்லாமல் அவளுக்கு ஊசியும் தெரியாது, ஊசிக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளும் தெரியாது.

அலமாரித் தட்டில் அவளுடைய செல்போன். முதுகு பிளந்து, குடல் வெளியே கிடந்தது.

"போன் இங்க இருக்கு. கண்ணாடி இங்க இருக்கு. ஆள் மட்டும் கிளாஸுக்குப் போயிருக்காளா?"

"போன்ல பேட்டரி வீக்கா இருந்துச்சு மச்சான். நான் மாத்தித் தர்றேன்னு வாங்கி... வீடியோவுல ஈஸியா இருந்துச்சு... கண்ணாடி பழசு. புதுசு போட்டுக்கிட்டா."

"எந்த ஊரு கிளாஸு? அட்ரஸ் சொல்லுங்க."

"எதுக்கு? அவகிட்ட பேசப்போறீங்களா? வேணாம் மச்சான்! இப்ப அவகிட்ட எதுவும் பேச வேணாம்!"



அப்போதுதான் அண்ணன் தரையைப் பார்த்தார்.

சன்னலுக்குக் கீழே பழைய சிவப்புத் தரைக்கு நடுவே ஒரு சாம்பல் நிறத் துண்டு. புதுச் சிமெண்ட்! அலை அலையாகத் தேய்த்திருந்தது.

நீளம்... ஆறடி.

அகலம்... ரெண்டரை அடி.

அண்ணன் ஒரு கால் எடுத்து வைத்தார்.

"மிதிக்காதீங்க மச்சான்!" மாப்பிள்ளை அலறிக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். "இன்னும் காயல!"



அண்ணன் முகத்தில் ரத்தம் வற்றியது. அந்த வார்த்தையை வேறெங்கோ கேட்டவர் மாதிரி.

"சரி மாப்ளே," என்றார் மெதுவாக. "வண்டியில டீசல் கம்மியா இருக்கு. போட்டுட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்க மச்சான்! சாயங்காலத்துக்குள்ள எல்லாம் சுத்தமாயிடணும்!"

வாசலுக்கு வந்ததும் கடப்பாரை காதைக் கடித்தான்.

"அண்ணே, நேத்துதானே டீசல் போட்டோம்?"

"வாயை மூடிக்கிட்டு வண்டியில ஏறு!"

* * *

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் லோடு அண்ணன் ரெண்டு தடவை வந்த வழியே திரும்பினார்.

சட்டை முதுகோடு ஒட்டியது.

கண்ணில் ஒன்பது வயசுச் சிறுமி, சைக்கிள் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை உள்ளே போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் ஐம்பதை நெருங்குகிற பெண்மணி. மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல ஆளைப் பார்ப்பார்.

"அட, வாங்க! நானே கூப்பிட்டு அனுப்பணும்னு இருந்தேன். உங்க கூட்டாளி பத்தி ஏதாவது தகவல் வந்துச்சா? அவர் சம்சாரம் வாராவாரம் வந்து அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க."

"அது... அது இல்ல மேடம். என் தங்கச்சியைக் காணோம்! அவ புருஷன் அவளைக் கொன்னு வீட்டுக்குள்ளேயே புதைச்சுட்டான்!"

பேனா நின்றது.

"பார்த்தீங்களா?"

"மூட்டையைப் பார்த்தேன் மேடம்! இருபத்தெட்டு இருக்க வேண்டிய இடத்துல முப்பத்தொண்ணு. மிச்சம் மூணுல மண்ணு!"

"இருங்க, இருங்க. மூணு மூட்டை மண்ணுக்காக ஒரு வீட்டுத் தரையை உடைக்கச் சொல்றீங்களா?"

"மேடம், நல்லா கேளுங்க. குழி வெட்டினா மண்ணு வரும். அப்படியே மூடினா அந்த மண்ணு திரும்ப அந்தக் குழிக்குள்ளயே போயிடும். உள்ள வேற எதையாவது வெச்சு மூடினாத்தான் மண்ணு மிஞ்சும்!"

"சரி. ஏதோ வெச்சிருக்காரு. பழைய பெட்டியா இருக்கலாம். தண்ணி டிரம்மா இருக்கலாம்."

"இல்ல மேடம்!" அண்ணன் மேஜையைக் குத்தினார். கண்ணில் நீர் தளும்பியது. "என் தங்கச்சி ஒல்லி. ஒல்லியான ஆளுக்கு மூணுதான் மிஞ்சும். தடிச்ச ஆளா இருந்தா நாலரை வந்திருக்கும். இது மூணு! கரெக்டா மூணு! இஞ்ச் டேப்பு, கண்ணாடி, போன் எல்லாம் அங்கேயே கிடக்கு மேடம்! அவளை வெளிய எடுங்க! என் புள்ளையை வெளிய எடுங்க மேடம்!"

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார்.

நோட்டில் என்னவோ கிறுக்கினார். மூடினார். தொப்பியை எடுத்தார்.

"ஏட்டு! ஜீப்பை எடுங்க."

* * *

ஜீப்பைப் பார்த்ததும் வீடியோ மாப்பிள்ளையின் வாயிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்தது.

"மச்சான்... டீசல் போட இங்கயா போனீங்க?"

"உங்க சம்சாரம் எங்கே?" இன்ஸ்பெக்டர் பின் அறைக்குள் போய் நின்று நேராகக் கேட்டார்.

"கிளாஸுக்கு... பத்து நாள் கிளாஸு மேடம்..."

"அந்தத் தரைக்குக் கீழ என்ன இருக்கு?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனார். பிடிக்க அங்கே சுவர் இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தொப்பென்று விழுந்தார்.

"தெரியாம நடந்துபோச்சு மேடம்! விபத்து அது! சுவரு மொத்தமா சாயும்னு வீடியோவுல சொல்லவே இல்ல! கண்ணைத் திறந்து பார்த்தா... எல்லாம் முடிஞ்சிருந்துச்சு! ஒண்ணுமே மிஞ்சல!"

"டேய்ய்ய்!" அண்ணன் பாய்ந்தார். ஏட்டு நடுவில் விழுந்து தடுத்தார். "மூடி மறைக்கவாடா பார்த்தே? அவளைப் போயாடா?"

"பயந்துட்டேன் மச்சான்! உங்களுக்குப் பயந்துதான் புதைச்சேன்! மூட்டையில கட்டினா நீங்க வாயைப் பிரிச்சுப் பார்த்துடுவீங்களே!"

இன்ஸ்பெக்டர் தரையைக் காட்டினார்.

"உடைங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

கடப்பாரை கடப்பாரையை ஓங்கினான்.

"மெதுவாடா!" என்றார் அண்ணன், அழுகைக்கு நடுவே. "ஒரு அடி போதும். கலவை பாரு, வெறும் மணலு. நாலு அடி தாங்காது. எங்க ஆபீஸ் தரைன்னா நாப்பது அடி போட்டாலும் கீறல் விழாது..."

சாகக் கிடக்கும்போதும் தொழில்காரன் அடுத்தவன் பூச்சைக் குறை சொல்வான்!

சிமெண்ட் அப்பளமாக நொறுங்கியது. கீழே மண். மண்வெட்டி இறங்கியது. ஓரடி... ஒன்றரை அடி...

துணி!

பூப்போட்ட பெட்ஷீட். அதற்குள் நீளமாக ஏதோ. ஒரு முனையில் முழங்காலை மடக்கின மாதிரி துருத்திக்கொண்டு...

அண்ணன் தரையில் மண்டியிட்டார். "அய்யோ... அம்மாடி..."

ஏட்டு துணியை விலக்கினார்.

இரும்பு.

கறுப்பு இரும்பு!

வளைந்துபோன ரெண்டு கால். ஒரு மிதிபலகை. பிளந்த மரப் பலகை, ரெண்டு டிராயர். கழுத்து முறிந்த ஒரு தையல் மெஷின்!

"என்னய்யா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மெஷின் மேடம்..." மாப்பிள்ளை விம்மினார். "மச்சான் முதல் முதல்ல லோடு அடிச்ச காசுல அவளுக்கு வாங்கிக் குடுத்தது. யாரையும் தொட விடமாட்டா. நான் ஒரு தடவை எண்ணெய் விட்டதுக்கே மூணு நாள் பேசல! அவ கண்ணாடி, டேப்பு எல்லாம் அது மேலதான் வெச்சிருந்தா... சுவரு மொத்தமா அது மேலேயே சாஞ்சிடுச்சு! ஊருக்குப் போற அவசரத்துல அவ டேப்பை மறந்துட்டா, கண்ணாடியும் பழசைத்தான் மாட்டிக்கிட்டுப் போனா... இதைப் பார்த்தா அவ என்னைக் கொல்லுவா, அவ விட்டாலும் மச்சான் கொல்லுவாரு!"

ஏட்டு மூலைக்குப் போனார். போர்த்தியிருந்த பெட்ஷீட்டை இழுத்தார். அடுக்கிவைத்த அட்டைப் பெட்டிகள் சரிந்து விழுந்தன.

"அப்ப என் தங்கச்சி..?"

"அதான் சொன்னேனே மச்சான்... கிளாஸு! இன்னிக்குச் சாயங்காலம் வந்துடுவா. அதுக்குள்ள அள்ளிடணும்னுதான் உங்களை..."

"என் வீட்டுல என்ன நடக்குது?"

எல்லாத் தலைகளும் வாசலுக்குத் திரும்பின.

கையில் பெட்டி, கண்ணில் பழைய கண்ணாடி, கழுத்தில் புத்தம் புது இஞ்ச் டேப். தங்கை!

"மத்தியானமே விட்டுட்டாங்கன்னு வந்தா... போலீஸு? சுவரு எங்கேங்க?" அவள் பார்வை குழிக்கு இறங்கியது. "அது என்... அது என் மெஷினா?"

மாப்பிள்ளை இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் ஒளிந்தார். "மேடம், என்னை அரெஸ்ட் பண்ணிடுங்க. அதுதான் எனக்குப் பாதுகாப்பு!"

ஏட்டு சிரித்துவிட்டார். கடப்பாரையும் சிரித்தான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மண் அப்பிய கையோடு தங்கையின் முகத்தைத் தடவிப் பார்த்தார். உயிரோடுதான் இருக்கிறாளா என்று.

"அண்ணே... என்னண்ணே இது? அழறியா?"

"நீ செத்துட்டேன்னு நினைச்சேன்டி."

"அதுக்காகப் போலீஸுக்கா போனே? நீயா? ஸ்டேஷன் இருக்குற தெருவுல வண்டியே விடமாட்டியே!"

"உனக்காகப் போனேன்."

அவள் கண்ணும் கலங்கியது. ரெண்டு மாசக் கோபம் அந்த இடத்திலேயே கரைந்தது.

இன்ஸ்பெக்டர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தீர்த்துட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்."

"கேளுங்க மேடம்," என்றார் அண்ணன் கண்ணைத் துடைத்தபடி.

"ஒல்லி ஆளுக்கு மூணு மூட்டைன்னீங்க. அது உங்க கண்ணு முன்னாடி இருந்த மூட்டை. சரி." நோட்டைத் திறந்தார். "தடிச்ச ஆளுக்கு நாலரைன்னீங்க. அது எந்த மூட்டை?"

அண்ணனின் கை கண்ணருகிலேயே நின்றது.

"அது... சும்மா... தொழில் அனுபவம் மேடம்."

"சுவரு இடிக்கறது உங்க தொழில். ஆளைப் புதைக்கறது இல்லையே."

"ஒரு குத்துமதிப்பா..."

"குத்துமதிப்பா சொல்றவங்க நாலும்பாங்க, அஞ்சும்பாங்க. நாலரைன்னு சொல்லணும்னா அந்த அரை மூட்டையை யாராவது கண்ணால பார்த்திருக்கணும்!"

"யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது மேடம்..."

"கரெக்டுதான் மேடம்!" கடப்பாரை உற்சாகமாகக் குறுக்கே புகுந்தான். முதலாளிக்கு உதவுகிற ஆர்வம்! "அண்ணன் கணக்கு தப்பவே தப்பாது. ஆபீஸ் தரை போட்டாருல்ல? மறுநாள் நான் வேலைக்கு வந்தா வாசல்ல நாலரை மூட்டை மண்ணு! நாலு மூட்டையைக் கேட் பக்கத்துப் பள்ளத்துல கொட்டினேன். அந்த அரையிலதான் செடி வெச்சேன். பிரமாதமா வளருது!"

கடப்பாரை சிரித்துக்கொண்டே எல்லார் முகத்தையும் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"உங்க கூட்டாளியைக் காணோம்னு அவர் சம்சாரம் எழுதிக் குடுத்த அன்னிக்கு நான் உங்க ஆபீஸுக்கு வந்தேன்," என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. "உள்ள கூப்பிடல நீங்க. 'மிதிக்காதீங்க மேடம், இன்னும் காயல'ன்னீங்க. நானும் நல்ல பிள்ளையா வெளியவே நின்னுட்டுப் போயிட்டேன்."

தங்கை அண்ணனின் கையை விட்டாள்.

"அண்ணே... அந்தக்கா வீட்டுக்காரர்..?"

அண்ணன் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். முறிந்த மெஷினின் கழுத்தை.

"ஒரே ஒரு தள்ளும்மா. லாரியை வித்துடலாம்னான். பேச்சு முத்திப்போச்சு. டிப்பர் விளிம்புல தலை பட்டுடுச்சு... வேணும்னு பண்ணல."

"ஒரு வருஷமா அந்தக்கா என்கிட்ட வந்து அழறாங்கண்ணே! நான் உன்கிட்ட வந்து கேட்டேன்!"

"கேட்டே. வாயைத் திறக்கல. எவன் கேட்டும் திறக்கல." அவர் தலையை நிமிர்த்தினார். "இன்னிக்கு நீ போயிட்டேன்னு நினைச்சதும்... எதை எங்க பேசறோம்னே தெரியல. அந்த அரை மூட்டை வாயில வந்து விழுந்துடுச்சு."

அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். ஆனால் அவர் பக்கம் ஒரு அடி கூட நகரவில்லை.

ஏட்டு அண்ணனின் தோளைத் தொட்டார். அவர் எதிர்க்கவில்லை. ஜீப்பின் படியில் கால் வைத்தவர், திரும்பினார். வாசலில் நின்ற முப்பத்தொரு மூட்டையையும் ஒரு தடவை பார்த்தார்.

"மாப்ளே, அந்த மூணு மூட்டை மண்ணையும் குழியிலயே கொட்டிடுங்க. தண்ணி விட்டு நல்லா இடிச்சுட்டு, அப்புறமா தரை போடுங்க. வீடியோ பார்க்காதீங்க. ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்க."

"சரிங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை, ஏட்டுக்கும் மனைவிக்கும் நடுவே பத்திரமான இடத்தில் நின்றுகொண்டு. "மேடம்... உங்களுக்கு அந்த ஆபீஸ் தரையை உடைக்க ஆள் வேணும்னா..."

"உடைக்கறதுக்குக் கூப்பிடறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுல உங்களுக்கு நல்ல பேரு இருக்கு."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பின்னால் திரும்பி லோடு அண்ணனைப் பார்த்தார்.

"நாப்பது அடி தாங்கும்னீங்களே... வாங்க, போய் எண்ணுவோம். அரை அடி விட்டுப்போனாலும் நீங்கதான் சரியா சொல்லுவீங்க!"